தேனக்கா மாட்டிவைத்த இரண்டு படங்கள்

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருந்தேன். அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவள், நாளெல்லாம் வீட்டில்தான். எதிர் வீட்டில் ஒரு பஸ் டிரைவர், அவர் மனைவி, ஒரே மகள். டிரைவரின் மனைவியைத் தெரு முழுக்கத் தேனக்கா என்றுதான் கூப்பிடும். பதின்மூன்று வருடம் அந்த வீட்டுக் கதவும் என் கதவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அதனால் நடந்ததில் பாதி நானே பார்த்தது. மீதி, பின்னால் அக்கா தன் வாயால் சொன்னது.

தேனக்கா ஆவதற்கு முன்னால் அவர் கடைத்தெருவில் ஒரு பெரிய அழகு நிலையத்தில் வேலை பார்த்தார். பதினான்கு வருடம். முடிக்குச் சாயம் போடுவது, முகத்துக்கு பிளீச் போடுவது, சுருட்டை முடியை நேராக்குவது என்று கை காயாத வேலை. முதலில் விரல் இடுக்கில் அரித்தது. பிறகு தோல் உரிந்தது. கடைசி வருடத்தில் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கையுறை போட்டால் வியர்த்து எரியும், போடாவிட்டால் ரத்தம் கசியும். ஒருநாள் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட்டார். மறுநாளே முதலாளியம்மா நயமாகப் பேசி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் அக்கா வெளியே தலைகாட்டவில்லை. ஒரு வெங்காயம்கூட நறுக்க முடியாத கைகள். டிரைவர் காலை ஷிப்டுக்குப் போகுமுன் சமைத்து வைத்துவிட்டுப் போவார். மகளுக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், அந்தப் பிள்ளை அப்படியே பள்ளிக்கூடம் போவாள்.

பழைய வாடிக்கைக்காரப் பெண் ஒருவர் பார்க்க வந்தபோது, தேன் தடவிப் பார்க்கச் சொன்னார். வேறு ஒன்றும் கைகொடுக்காத நேரம். மதியம் கைகளில் தேனைத் தடவி, பருத்தி உறைகளை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார் அக்கா. ஆறு வாரத்தில் வெடிப்புகள் மூடின. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது.

தேன் பாதி, அந்த ரசாயனத் தண்ணீரில் கை வைக்காமல் இருந்தது பாதி என்று பல வருடம் கழித்து அக்காவே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. விழுந்து கிடந்தவரைத் தேன்தான் எழுப்பி உட்காரவைத்தது. பிறகு அவர் அதை விடவே இல்லை.

முன் அறையைக் காலி செய்தார்கள். மூடப்போகிற ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து சாய்கிற நாற்காலி ஒன்றை டிரைவர் வாங்கி வந்தார். இரண்டு பேர் தூக்கியும் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நான்தான் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி யோசனை கொடுத்தேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

அக்காவின் வேலை சுத்தமான வேலை. தேன் பாட்டிலை ஒருநாளும் நேராக அடுப்பில் வைக்கமாட்டார். வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிற்கவைத்து இளக்குவார். யார் வந்தாலும் முதல் நாள் முகத்தில் பூசமாட்டார். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து, நாளைக்கு வா, சிவந்திருந்தால் உனக்கு இது வேண்டாம் என்று அனுப்பிவிடுவார். வறண்ட உதட்டுக்கு வெறும் தேன். சொரசொரப்பான முழங்கைக்குத் தேனும் பொடித்த ஓட்ஸும். முடி நுனிக்கு எண்ணெயில் குழைத்த தேன். என் குதிகால்கள் அப்போது காய்ந்த களிமண் மாதிரி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, தேன் பூசி, பழைய காலுறைக்குள் பத்திரப்படுத்தி அனுப்பினார். ஒரு மாதத்தில் போர்வையில் குதிகால் மாட்டிக்கொள்வது நின்றது. அக்காவைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

வீட்டில் எறும்புத் தொல்லைக்கு மட்டும் குறைவில்லை. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்திருந்தார்கள். தன் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஆறு கால் என்பார் டிரைவர்.

மகளுக்குப் பதின்மூன்று வயதில் முகத்தில் பரு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற மாதிரி வந்து போகிற பரு இல்லை. தாடை ஓரத்திலும் கன்னத்திலும் தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி கட்டியாக. தலையணையில் கன்னம் பட்டால் முனகுவாள். வீட்டில் அவளைச் சின்னு என்பார்கள். வாயாடியாக இருந்த சின்னு அந்த வருடத்திலிருந்து முடியை முன்னால் விட்டுக்கொண்டு, குனிந்து நடக்கப் பழகினாள்.

அக்கா பதறவில்லை. தன் கைகளையே மீட்டுக் கொடுத்த தேன், மகள் முகத்தைக் கைவிடுமா? ஞாயிற்றுக்கிழமை காலை வேறு யாருக்கும் நேரம் கொடுக்கமாட்டார். அது சின்னுவுக்கு. நாற்காலியில் சாய்த்து, துண்டு கட்டி, விரல் நுனியால் மெல்லத் தடவுவார். இருபத்தைந்து நிமிடம் அவள் வாய் திறக்கக் கூடாது. அந்த நேரம் முழுக்க அக்கா பேசிக்கொண்டே இருப்பார். போன வாரம் இங்கே இரண்டு இருந்தது, இப்போது ஒன்றுதான், நெற்றி தெளிந்துவிட்டது பார் என்று. நெற்றி தெளிந்திருக்காது. எனக்கே தெரிந்தது. நான் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் முகம் தெளியத் தொடங்கியது. தெளிய ஆரம்பித்ததும் மளமளவென்று தெளிந்தது. எட்டு மாதத்தில் கட்டிகள் அமுங்கி, சிவப்பு மங்கி, வெறும் தழும்புகள் நாலைந்து மட்டும் மிஞ்சின. அந்தச் சமயத்தில் அவள் உதடு மட்டும் காய்ந்து உரிந்துகொண்டே இருந்தது. அதற்கும் அக்கா தேன் வைத்தார். ஒருநாள் முழங்கை மடிப்பில் சின்ன பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ரத்தம் சோதித்தார்கள் என்றாளாம். சரி என்று விட்டுவிட்டார்.

அக்கா முன்னமே, மோசமாக இருந்த நாளில், ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். இப்போது அதே நாற்காலியில் அதே வெளிச்சத்தில் உட்காரவைத்து இன்னொன்று எடுத்தார். இரண்டையும் பெரிதாக அச்சிட்டு, ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன் அறைச் சுவரில் மாட்டினார். ஒன்றின் கீழ் 'முன்பு', மற்றதன் கீழ் 'இப்போது'. அந்த எழுத்துகளைத் திருத்திக் கொடுத்தது நான்தான். 'இப்பொழுது' வேண்டாம், 'இப்போது' போதும், இடம் அடைக்காது என்றேன்.

படத்தை எடுத்துவிடச் சொல்லிச் சின்னு மூன்று முறை கேட்டாள். முதல் தடவை மெதுவாக. இரண்டாவது தடவை அழுதுகொண்டு. அக்கா அதைக் கூச்சம் என்றே எடுத்துக்கொண்டார். இப்போது எவ்வளவு அழகாக இருக்கிறாய், ஊர் பார்க்கட்டுமே என்றார். சின்னுவின் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா புருவம் திருத்த வந்தார், கூட அந்தப் பெண்ணும் வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் சின்னுவுக்குப் பெயர் 'முன்பு'. முன்பு வந்துட்டா, முன்புக்கு இடம் விடு, முன்பு பின்னாடி உட்காரு. பள்ளிக்கூடம் முடிகிறவரை இரண்டு வருடம் அந்தப் பெயர் போகவில்லை. இதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை.

மூன்றாவது தடவை கேட்டது ஊரை விட்டுப் படிக்கப் போகிற அன்று. பெட்டி வாசலில் இருந்தது. "நான் போறதுக்குள்ள அதைக் கழட்டிடும்மா" என்றாள். கழற்றுகிறேன், முதலில் பஸ்ஸைப் பிடி என்று அக்கா சிரித்தார். கழற்றவில்லை. அது இல்லாமல் எப்படி? படியேறி வருகிற அம்மாக்கள் எல்லாரும் அந்தப் படத்துக்கு முன்னால்தானே முதலில் நின்றார்கள்.

சின்னு கண் பரிசோதிக்கும் படிப்புப் படித்தாள். தூரத்து ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. வருடத்துக்கு ஒரு தடவை வருவாள், இரண்டு நாள் இருப்பாள், முன் அறைப் பக்கம் போகமாட்டாள். அப்பாவோடு மட்டும் மொட்டை மாடியில் நின்று பேசிக்கொண்டிருப்பாள். பெண் அப்பா செல்லம் என்று அக்கா சொல்லிக்கொள்வார். சொல்கிறபோது முகம் ஒரு மாதிரி ஆகும்.

டிரைவர் ஒரு மத்தியான நேரத்தில் இறந்துபோனார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கோட்டுக்குள் சரியாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டுவிட்டு, ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டார். ஐம்பத்தேழு வயது. களைப்பில் கண் அசந்துவிட்டார் என்று நினைத்துக் கண்டக்டர் கால் மணி நேரம் எழுப்பவே இல்லையாம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

சின்னு வந்தாள். எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு வாரம் விடுப்புப் போட்டு இருந்தாள். பத்துப் பதினோரு நாள் கழித்து, டிப்போவில் டிரைவரின் அலமாரியில் இருந்ததையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாற்றுச் சட்டை, துண்டு, பிளாஸ்க், படிக்கிற கண்ணாடி. அடியில், பாலித்தீன் உறைக்குள், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் கோப்பு.

அக்கா முதலில், தனக்குத் தெரியாமல் அவருக்கு ஏதோ நோய் இருந்திருக்கிறது என்று நினைத்தார். பிரித்தார். மேலே மகள் பெயர். வயது பதினைந்து. தோல் நோய்ப் பிரிவு. பதினோரு வருகைகள், எல்லாமே புதன்கிழமை. டிரைவருக்கு வார விடுமுறை புதன்தான். மாதா மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மாத்திரை, அளவு, மறுபடி மாத்திரை. கடைசிப் பக்கத்தில் டாக்டர் எழுதியிருந்தார்: குணமாகிவிட்டது, இனி வரத் தேவையில்லை. அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் அக்கா 'இப்போது' படத்தை எடுத்திருந்தார்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்தக் கோப்போடு சமையலறை வாசலில் போய் நின்றார். சின்னு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோப்பைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"இது என்னடி?"

"அப்பா இதைத் தூக்கிப் போடலையா?" என்றாள் சின்னு. பிறகு, "அம்மா, உட்காரு" என்றாள்.

அக்கா உட்காரவில்லை.

சின்னு நின்றுகொண்டே சொன்னாள். ஒரு புதன்கிழமை பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றிருந்தார். பல் வலி என்று பொய் சொல்லி, மதியத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர், இது மேலே பூசித் தீருகிற விஷயம் இல்லை, உள்ளே மருந்து போக வேண்டும், இன்னும் தாமதித்தால் முகம் முழுக்கக் குழி விழும் என்றார். தேன் பூசுகிறோம் என்று அப்பா சொன்னதற்கு, அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் இதுவும் போகாது என்றார். திரும்பி வரும்போது அப்பா இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அவளோடு நடந்தே வந்தார். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், நானே சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

"ஏன்? நான் என்ன உன்னைக் கொன்னுடுவேனா? ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு சொல்வேனா?"

"சொல்லமாட்டே. ஆனா நீ அப்பத்தான் எழுந்து நடமாட ஆரம்பிச்சிருந்தே. வேலை போனப்ப நீ எப்படிக் கிடந்தேன்னு நாங்க ரெண்டு பேரும் பார்த்திருக்கோம். அது மறுபடி வந்துடுமோன்னு அப்பாவுக்குப் பயம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் பூசினது?"

சின்னு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா பூசிக்கச் சொன்னாரு. அது உனக்காகம்மா."

அக்கா கோப்பை மேடை மேல் வைத்தார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள் என்றார். குரல் உயரவே இல்லை.

"சிரிக்கலம்மா. நீ அந்தப் படத்தை மாட்டின அன்னிக்கு அப்பா மாடிக்குப் போய் அழுதாரு. இப்ப எப்படிச் சொல்றது, இனிமே எப்படிச் சொல்றதுன்னு கேட்டாரு. எனக்குப் பதினாறு வயசு. எனக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பிறகுதான் அவள் பள்ளிக்கூடத்துப் பெயரைப் பற்றிச் சொன்னாள். அடுக்கிச் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொன்னாள். அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எனக்கு உடனே புரிந்தது. 

சின்னு மறுநாள் ஊருக்குக் கிளம்பினாள். விடுப்பில் இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது. அக்கா இருக்கச் சொல்லவில்லை, அவளும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. கதவருகே, "போன் பண்றேன்" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அக்கா படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக நின்றது. என் எதிரிலேயே சட்டத்தின் முதுகைப் பிரித்து, இரண்டு படங்களையும் எடுத்து, துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கிழிக்க மனம் வரவில்லை, இரண்டிலும் இருப்பது என் பிள்ளைதானே என்றார்.

அவருக்குப் புருஷன் போன துக்கத்தை முழுசாக அழக்கூட முடியவில்லை. அழ ஆரம்பித்தால் கோபம் வந்து குறுக்கே நின்றது. அவரிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது, ஆனால் அவர் இல்லை. ஒருநாள் என்னிடம், முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் என்னிடம் உண்மையைச் சொல்லப் பயப்படும்படி நான் என்ன செய்தேன் என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை அக்கா, உங்கள் மேல் இருந்த பிரியம்தான் என்றேன். "பிரியம் இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். 

வாடிக்கைக்காரர்கள் திரும்ப வர ஆரம்பித்தபோது, நாற்காலியில் உட்காருமுன்பே ஒவ்வொருவரிடமும் சொன்னார். படத்தில் இருந்த என் மகளுக்குத் தேனால் சரியாகவில்லை, ஆஸ்பத்திரி மாத்திரையால் சரியாயிற்று, எனக்கே இப்போதுதான் தெரியும் என்று. சிலர், போனால் போகிறது அக்கா, உங்கள் கை பட்டால் போதும் என்றார்கள். சிலர் அடுத்த தடவை வரவில்லை. ஒரு அம்மாள் மட்டும், அப்படியானால் இத்தனை வருஷம் எங்களை ஏமாற்றினீர்களா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றார் அக்கா. தெரியாமல்தானே என்று நான் குறுக்கிட்டேன். தெரிந்து ஏமாற்றினாலும் தெரியாமல் ஏமாற்றினாலும் ஏமாந்தவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவரை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெண்ணின் முகம். சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண்மணியின் மகள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர்களை அக்காவிடம் கூட்டி வந்ததே நான்தான். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது, சின்னுவுக்கு வந்த அதே கட்டிகள். தோல் டாக்டரிடம் காட்டச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம், போகட்டுமா என்று அவள் அம்மா கேட்டார். அக்கா சுவரைக் காட்டினார். என் மகளுக்கு இதைவிட மோசம், எட்டு மாதம் பொறுமையாக இருங்கள் என்றார். நானும் தலையாட்டினேன். அவர்கள் சீட்டை விட்டுவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வாராவாரம் வந்தார்கள். பிறகு சத்தமில்லாமல் நின்றுபோனார்கள்.

அந்தப் பெண் இப்போது கூரியர் அலுவலகத்தில் இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஒரு திங்கள் காலை இரண்டு பேரும் போனோம். குறுகலான அறை, பார்சல் நாடாவின் வாசனை, எடை போடும் மெஷின். வரிசையில் நின்றோம். கவுன்ட்டருக்குப் பின்னால் அவள் இடது கன்னத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து, உடம்பைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். பொருளைச் சுவர்ப் பக்கமிருந்து எடுக்க நேர்ந்தாலும் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டி எடுத்தாள். அப்படியே பழகிவிட்டிருந்தாள்.

எங்கள் முறை வந்தது. "எந்த ஊருக்கு?" என்று கேட்டபடி நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். சிரித்தாள்கூட.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நான்கைந்து வாக்கியத்தில் சொன்னார். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. "உன்னை டாக்டர்கிட்ட போகவிடாம பண்ணினது நான்தான்ம்மா. நேர்ல சொல்லணும்னு வந்தேன்" என்றார்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது. கோபமும் வரவில்லை. அவள் வலது கன்னத்தில்கூடச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. பக்கத்தில் நின்றபோதுதான் பார்த்தேன்.

"உங்க பொண்ணு நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கா."

"சரிக்கா. பரவாயில்லை." அவ்வளவுதான். முகத்தை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னால் நின்றவரிடம் எந்த ஊருக்கு என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதை ஓரத்தில் ஒரு மின்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் இறந்ததிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த அழுகை அங்கேதான் உடைந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், என் பெண்ணைப் பற்றிக் கேட்கிறாளே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்களைக் கூட்டி வந்தது நான் என்பதை அன்றும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காவும் சுட்டிக்காட்டவில்லை.

நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ஆனால் முகத்தில் பரு என்று யாராவது பிள்ளையைக் கூட்டி வந்தால், உட்காரவே விடமாட்டார். தோல் பிரிவு எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குச் சீட்டுக் கொடுப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவார். உடன் போக ஆள் இல்லை என்றால் தானே போவார். குதிகால், உதடு, முழங்கை, முடி நுனி, இவ்வளவுதான் இப்போது அவர் தேன் வைக்கிற இடங்கள். தேனுக்கு எது முடியுமோ அதை மட்டும் அதனிடம் கேட்கலாம், பாவம் அது என்ன செய்யும் என்றார் ஒருநாள். கூட்டம் குறைந்துதான் போயிற்று. மத்தியானங்களில் அந்த நாற்காலியில் தானே சாய்ந்துகொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சின்னு வாரத்துக்கு ஒரு முறை போன் செய்தாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. படத்தைக் கழற்றிவிட்டேன் என்று அக்கா ஒருமுறை சொன்னபோது, சரிம்மா என்றாளாம். எட்டு வருஷம் தாமதமாகக் கழற்றியவளுக்கு அதற்குமேல் என்ன கிடைக்கும் என்று அக்கா என்னிடம் கேட்டார்.

அடுத்த வருடம் சின்னு வந்தாள். நான்கு நாள் இருப்பேன் என்றாள். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் சோபாவில் படுத்தவள் தூங்கிவிட்டாள். நான் திருத்திய தாள்களை அச்சகத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பி, என் வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று கை காட்டினார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார்.

"அவளுக்குப் பதிமூணு வயசு ஆனதுலேர்ந்து, எதையாவது தேடாம நான் அந்த முகத்தைத் தொட்டதே இல்லை. இப்பத்தான் யோசிச்சேன். சும்மா ஒரு தடவை தொடணும் போல இருக்கு. பயமா இருக்கு."

தொடுங்கள் அக்கா என்றேன். அவர் தலையை அசைத்தார். தூங்கும்போது தொட்டால் திருட்டுத்தனம் மாதிரி இருக்கும், அவள் விழித்திருக்கும்போது கேட்டுவிட்டுத் தொட வேண்டும், கேட்க இன்னும் வாய் வரவில்லை என்றார்.

உள்ளே சின்னு புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அக்கா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, யாரு?"

"எதிர் வீட்டு அத்தை. நீ தூங்கு."

"தூக்கம் போச்சு. டீ போடறியா?"

"போடறேன்" என்று அக்கா உள்ளே போனார். நான் சாவியைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினேன்.